பிரான்ஸின் நீளமான எல்லை பிரேசிலோடு. சரி, அதுக்குப் பிறகு?

‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று தொடங்கும் பதிவுகள் எங்கட எல்லாருடைய போனிலும் வாரத்துக்கு நாலைந்தாவது வந்து விழும். பிரான்ஸின் மிக நீளமான தரை எல்லை ஸ்பெயினோடு இல்லை, பிரேசிலோடு. உலகத்திலேயே அதிக நேர வலயங்கள் உள்ள நாடு ரஷ்யா இல்லை, அதுவும் பிரான்ஸ்தான். கிரிபட்டி என்ற குட்டி நாடு பூமியின் நாலு அரைக்கோளங்களிலும் கிடக்குது. இலங்கையின் தெற்கு முனையான தெவிநுவரவில் நின்று நேர் தெற்காக ஒரு கோடு கீறினால், அந்தாட்டிக்கா வரைக்கும் ஒரு துண்டு நிலம்கூடத் தட்டுப்படாது.

எல்லாமே உண்மை. பார்க்கிறோம், ‘அட!’ என்கிறோம், இன்னொரு வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிடுகிறோம். அடுத்த பதிவு வந்துவிடும்.

இந்தப் பதிவுகளுக்கு எதிராக எழுத எங்களுக்கு விருப்பமில்லை. புவியியல் என்றால் ஆறுகளின் பெயரையும் தலைநகரங்களின் பெயரையும் பாடமாக்குவது என்று நினைத்த கனபேரை உலகப்படத்தைத் திரும்பிப் பார்க்க வைத்ததே இப்படியான தகவல்கள்தான். ஆனால் அந்த ‘அட’வோடு கதை முடிகிறது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. உலகப்படத்தில் விசித்திரமாகத் தெரிகிற கோடுகளில் கனக்க, ஆரோ ஒருவர் ஒரு நாளில் ஒரு காரணத்துக்காகப் போட்டவை. அந்தக் கோட்டின் மேல வேற ஆரோ இருக்கினம். படம் பார்க்கிறவைக்கு அது வேடிக்கை. அங்க இருக்கிறவைக்கு அது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விசா, சிலவேளை உயிர். இந்த இரண்டாவது பக்கத்தையும் சேர்த்துக் கதைத்தால்தான் புவியியல் கதைத்ததாக அர்த்தம் என்பது எங்கட நிலைப்பாடு. ஏன் என்று சில உதாரணங்களோடு சொல்லுகிறோம்.

எங்க நின்று அளந்தது?

முதலில் மனிசர் இல்லாத இடத்திலிருந்து தொடங்குவம். உலகத்தின் உயரமான மலை எது? எவரெஸ்ட், 8,848.86 மீற்றர். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு அது. ஆனால் அது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். கடலுக்கு அடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால், ஹவாய்த் தீவின் மௌனா கீயா 9 கிலோமீற்றருக்கும் மேல் போகும், எவரெஸ்டைத் தாண்டிவிடும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் எக்குவடோர் நாட்டின் சிம்பராசோதான் வெற்றி பெறும். பூமி மத்திய கோட்டுப் பக்கம் கொஞ்சம் பிதுங்கி இருப்பதால், அந்தக் கோட்டுக்குக் கிட்ட நிற்கிற சிம்பராசோவின் உச்சி மையத்திலிருந்து கூடுதல் தூரத்தில் நிற்குது.

ஆக ‘உயரமானது எது’ என்ற கேள்விக்கு விடை சொல்ல முன்னம், ‘எதிலிருந்து?’ என்று கேட்க வேண்டியிருக்குது. ‘ஆர் அளந்தது?’ என்று கேட்டால் இன்னொரு கதை வரும். பிரித்தானியர் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியது 1802இல், சென்னையின் பரங்கிமலைப் பக்கத்தில். அந்த அளவை வடக்கே இமயமலை வரைக்கும் நீண்டது. உலகின் உயரமான சிகரம் இதுதான் என்று கணக்குப் போட்டுக் கண்டவர் அந்த நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்த வங்காளி, ராதாநாத் சிக்தார். பெயர் வைக்கப்பட்டதோ அதற்கு முன்பு அந்தத் திணைக்களத்தின் தலைவராக இருந்த ஜோர்ஜ் எவரெஸ்டுக்கு. தன்ர பெயர் வைக்க வேண்டாம் என்று எவரெஸ்டே மறுப்புச் சொன்னவர். மலையடிவாரத்துச் சனம் அதுக்கு எப்பவோ சோமோலுங்மா என்று பெயர் வைத்திருந்தது.

எங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஆச்சரியம் இருக்குது, அதை எங்கட பிள்ளைகள் கனபேர் கேள்விப்பட்டதில்லை. கடல் மட்டம் எல்லா இடத்திலும் ஒரே மட்டம் இல்லை. இலங்கைக்குத் தெற்கே, இந்து சமுத்திரத்தில் ஒரு பெரிய பள்ளம் இருக்குது. கடலடியில் இல்லை, கடலின் மேற்பரப்பிலேயே. பூமியை மத்திய கோட்டுப் பக்கம் கொஞ்சம் பிதுங்கிய, வழுவழுப்பான ஒரு உருண்டையாக வைத்துக் கணித்தால் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ, அதைவிட அங்கே ஏறத்தாழ 106 மீற்றர் கீழே நிற்குது. உலகத்திலேயே இதுதான் மிகத் தாழ்வான இடம். அந்தப் பகுதிக்கு அடியில் பூமியின் உட்பகுதி அடர்த்தி குறைந்ததாக இருப்பதால் ஈர்ப்பும் கொஞ்சம் குறைவு, அதனால் தண்ணீர் அக்கம்பக்கத்துக்கு இழுபட்டுப் போகுது. சரிவு அவ்வளவு மெதுவானது என்பதால் கப்பலில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இதை 1948இல் கண்டுபிடித்தவர் நெதர்லாந்துக்காரரான வெனிங் மைனஸ். ஏன் அப்படி என்பதற்கான விளக்கங்களில் ஒன்று 2023இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்திலிருந்து வந்தது. ஆழத்திலிருந்து மேலே எழும் சூடான, பாரம் குறைந்த பாறைப் பொருள்தான் காரணம் என்கிறது அது.

இப்படியான தகவலைக் கேட்டு வாயைப் பிளப்பதில் ஒரு பிழையும் இல்லை. அதிலும்கூட ‘எதோடு ஒப்பிட்டு?’ என்று கேட்டவருக்குத்தான் விசயம் விளங்கும்.

சுவரில் தொங்குகிற படம்

வகுப்பறைச் சுவர்களில் கனகாலமாகத் தொங்கிய உலகப்படம் பெரும்பாலும் மேர்கேட்டர் எறியம். 1569இல் கப்பலோட்டிகளுக்காகக் கீறப்பட்டது. திசை பிசகாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதற்கு விலையாகப் பரப்பளவு பிசகிப் போனது. மத்திய கோட்டுக்குத் தூரமான நாடுகள் ஊதிப் பெருக்கும், கிட்ட இருக்கிற நாடுகள் சுருங்கித் தெரியும். கிரீன்லாந்தும் ஆபிரிக்காவும் ஒரே அளவுபோல அந்தப் படத்தில் நிற்கும். உண்மையில் ஆபிரிக்கா ஏறத்தாழ பதினாலு மடங்கு பெரிது.

எங்கட கணக்கையும் பார்ப்பம். இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர். ஐஸ்லாந்து ஏறத்தாழ 103,000. அதாவது மூன்றில் இரண்டு ஐஸ்லாந்து ஒரு இலங்கை. மேர்கேட்டர் படத்தில் பார்த்தால் ஐஸ்லாந்து இலங்கையைவிட எட்டு ஒன்பது மடங்கு பெரிதாகத் தெரியும்.

மேர்கேட்டர் ஆரையும் ஏமாற்றுவதற்காக இதைக் கீறவில்லை. ஆனால் கப்பலுக்கான படத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து மாட்டியதும், நூற்றாண்டுக் கணக்காக மாற்றாமல் விட்டதும் ஒரு தெரிவு. 2025இல் ஆபிரிக்க ஒன்றியம் இந்தப் படத்தைக் கைவிட்டு, பரப்பளவைச் சரியாகக் காட்டும் படத்துக்கு மாற வேண்டும் என்ற பிரசாரத்துக்கு ஆதரவு தெரிவித்தது. ‘இதுவும் ஒரு பிரச்சினையா’ என்று கேட்டவர்களும் உண்டு. தன்ர கண்டத்தைச் சின்னதாகப் பார்த்தே வளர்ந்த பிள்ளையிடம்தான் அதைக் கேட்க வேண்டும்.

ஒரே விசித்திரம், இரண்டு வாழ்க்கை

எங்கட வாதத்துக்கு மிகச் சரியான உதாரணம் இதுதான். நெதர்லாந்துக்குள் பார்லே என்று ஒரு ஊர். அந்த ஊருக்குள் பெல்ஜியத்தின் துண்டுகள் சிதறிக் கிடக்குது. அந்தப் பெல்ஜியத் துண்டுகள் சிலவற்றுக்குள் மீண்டும் நெதர்லாந்தின் துண்டுகள். எல்லைக்கோடு தெருவிலும் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும் போகுது. வீட்டின் முன்கதவு எந்த நாட்டில் இருக்குதோ அந்த வீடு அந்த நாட்டுக்குச் சொந்தம் என்பது அங்கத்தைய வழக்கம். உல்லாசப் பயணிகள் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுவினம். இந்தப் படத்தை நீங்களும் கட்டாயம் எங்கயாவது பார்த்திருப்பீங்கள்.

இதே விசித்திரம் இதைவிடப் பல மடங்கு பெரிதாக எங்களுக்குக் கிட்டவும் இருந்தது. இந்தியாவின் கூச் பெஹார் மாவட்டமும் பங்களாதேஷும் சந்திக்கிற இடத்தில், பங்களாதேஷுக்குள் இந்தியாவின் துண்டுகள் 111, இந்தியாவுக்குள் பங்களாதேஷின் துண்டுகள் 51. உள்ளூரில் சிட்மஹால் என்பார்கள். இரண்டு ராசாக்கள் சதுரங்கம் ஆடி ஊர்களைப் பணயம் வைத்ததால் வந்தது என்று ஒரு கதை சொல்லுவினம். உண்மையில் அது முகலாயருக்கும் கூச் பெஹார் அரசுக்கும் இடையிலான பழைய ஒப்பந்தங்களின் மிச்சம். தஹாலா கக்ராபாரி என்ற சணல் வயல் இதன் உச்சம். அது பங்களாதேஷுக்குள் இருந்த இந்தியாவுக்குள் இருந்த பங்களாதேஷுக்குள் இருந்த ஒரு துண்டு இந்தியா. உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒன்று இருக்கவில்லை.

இதையும் ‘உங்களுக்குத் தெரியுமா’ பதிவுகளில் போடுவார்கள். அங்க இருந்த சனம் எப்படி இருந்தது என்று போடுவது குறைவு. 1947க்குப் பிறகு அந்தத் துண்டுகள் வெவ்வேறு நாடுகளாகின. துண்டுக்குள் பள்ளிக்கூடம் இல்லை, மின்சாரம் இல்லை, பொலிஸ் இல்லை. தன்ர நாட்டுக்குப் போவதற்கு இன்னொரு நாட்டைக் கடக்க வேண்டும். கடக்க விசா வேண்டும். விசா எடுக்கிற அலுவலகம் இருக்கிற நகரத்துக்குப் போவதற்கே விசா இல்லாமல் எல்லை தாண்ட வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வெளியில் இருக்கிற ஒருவரைத் தகப்பன் என்று எழுதினார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்க, கர்ப்பிணிகள் வேறு ஒருவரின் பெயரைக் கணவன் பெயராகக் கொடுத்தார்கள். இந்தத் துண்டுகளை மாற்றிக்கொள்ள 1974இலேயே இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. நிறைவேறியது 2015 ஜூலை 31 நள்ளிரவில். நாற்பத்தொரு வருசம். அந்த இரவு ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சனத்துக்குக் கடைசியில் ஒரு நாடு கிடைத்தது.

பார்லேயில் இருப்பதும் துண்டு, கூச் பெஹாரில் இருந்ததும் துண்டு. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான். பார்லே மக்களின் கையில் வலுவான கடவுச்சீட்டும், அவர்களோடு ஒத்துப்போகிற இரண்டு அரசாங்கங்களும் இருந்தன. அதனால் கோடு உல்லாசப் பயணமானது. சிட்மஹால் சனத்திடம் அது ஒன்றும் இருக்கவில்லை. வெறும் தகவலாக மட்டும் இதைப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

காணாமல் போன வெள்ளிக்கிழமை

நிலத்தில் மட்டும் கோடு போடுவதில்லை, நாளிலும் போடுவார்கள். சமோவா நாட்டில் 2011 டிசம்பர் 30 என்ற நாள் நடக்கவே இல்லை. வியாழன் இரவு படுத்த சனம் சனிக்கிழமை காலையில் எழும்பியது. சர்வதேச திகதிக் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு அந்த நாடு தாவியதுதான் காரணம். 1892இல் அமெரிக்காவோடு வியாபாரம் செய்ய வசதியாக ஜூலை 4ஐ இரண்டு தரம் கொண்டாடி அந்தப் பக்கம் போன நாடு அது. பிறகு வியாபாரம் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று மாறியது. அங்கே திங்கட்கிழமை வேலை தொடங்கும்போது சமோவாவில் ஞாயிறு. அதனால் திரும்பி வந்தது. பக்கத்தில் இருக்கிற அமெரிக்க சமோவா பழைய பக்கத்திலேயே நிற்க, இரண்டு தீவுகளுக்கும் இடையில் இப்போது ஒரு முழு நாள் வித்தியாசம்.

தொலைதூர வேடிக்கை என்று இதை ஒதுக்க எங்களுக்கு உரிமையில்லை. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக இலங்கை அரசு மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலமும், பிறகு அதைக் குறைத்து அரை மணித்தியாலமுமாக முன்னுக்குத் தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இந்தச் சின்னத் தீவில் இரண்டு நேரம் ஓடியது. சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும். இதை உலகத் தகவல் பட்டியல்கள் கண்டுகொள்வது அருமை. எங்கட வீட்டுப் பெரியாக்களைக் கேட்டுப் பாருங்கோ. ‘புது நேரமோ பழைய நேரமோ’ என்று கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கே வெளிக்கிட்டதாகச் சொல்லுவினம்.

தூரத்துத் தீவுகள் எங்களுக்கு ஏன் தூரமில்லை

இப்ப பிரான்ஸுக்கு வருவம். பிரேசிலோடு 730 கிலோமீற்றர் எல்லை எப்படி வந்தது? தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானா என்ற நிலம் இன்னமும் பிரான்ஸின் ஒரு பகுதி என்பதால். ஒரு காலத்தில் கைதிகளைக் கொண்டுபோய்ச் சாக விட்ட இடம் அது. இப்போது அங்கேயுள்ள கூரூவிலிருந்து ஐரோப்பாவின் ரொக்கெட்டுகள் போகின்றன. மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் பூமியின் சுழற்சி ரொக்கெட்டுக்கு இலவசமாக வேகம் கொடுக்கும். 2021இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி புறப்பட்டதும் அங்கிருந்துதான். பன்னிரண்டு நேர வலயத்துக்கும் இதே காரணம்தான். அவை பேரரசு காலத்தில் பிடித்து, பிறகும் கைவிடாத தீவுகளின் கணக்கு.

அந்தத் தீவுகளில் ஒன்று இந்து சமுத்திரத்தில் இருக்குது. மடகஸ்காருக்குக் கிழக்கே ரியூனியன். காசு யூரோ, சட்டம் பிரெஞ்சுச் சட்டம், நிலம் ஐரோப்பிய ஒன்றியம். இலங்கையிலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். இந்தத் தகவல் எங்களுக்கு வினாடி வினாப் போட்டியில் கேட்டால்தான் வரும். ஆனால் 2018இலிருந்து மீன்பிடிப் படகுகளில் அங்கே போய் இறங்கிய எங்கட நாட்டுக்காரருக்கு அது நல்லாத் தெரியும். சிலர் தங்க முடிந்தது, கனபேரை விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

கிறிஸ்மஸ் தீவையும் பாருங்கோ. பெயரைக் கேட்டால் வாழ்த்து அட்டை மாதிரி இருக்கும். அவுஸ்திரேலியாவுக்குச் சொந்தம், ஆனால் அவுஸ்திரேலியாவின் பெருநிலத்திலிருந்து 1,500 கிலோமீற்றருக்கும் மேல் தூரம். இந்தோனேசியாவின் ஜாவாவிலிருந்து ஏறத்தாழ 350தான். படகில் வருகிறவர் முதலில் தொடுகிற அவுஸ்திரேலிய நிலம் அது என்பதால், 2001இல் அந்தத் தீவைத் தன்ர குடிவரவு வலயத்திலிருந்து அவுஸ்திரேலியா சட்டத்தால் வெட்டி எடுத்தது. பிறகு 2013இல் இன்னும் ஒரு படி போய், விசா இல்லாமல் படகில் வருகிறவர்களைப் பொறுத்தவரை தன்ர முழுப் பெருநிலத்தையுமே குடிவரவு வலயத்துக்கு வெளியே போட்டது. ஒரு கண்டமே தன்னைத் தன்ர படத்திலிருந்து அழித்துக்கொண்ட கதை இது. இதைவிட விசித்திரமான புவியியல் தகவல் ஒன்றை எங்களால் சொல்ல ஏலாது. ஆனால் ‘உங்களுக்குத் தெரியுமா’ பட்டியல்களில் நாங்கள் இதை ஒருநாளும் காணவில்லை.

அப்படி வந்தவர்களை அனுப்பிய இடங்களில் ஒன்று நவுரு. வத்திக்கான், மொனாக்கோவுக்கு அடுத்து உலகின் மூன்றாவது சிறிய நாடு, 21 சதுர கிலோமீற்றர். போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிறவைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். அந்தத் தீவின் நடுப்பகுதியைப் பொஸ்பேற்றுக்காகச் சுரண்டி முடித்த பிறகு, வேறு வருமானம் இல்லாத நாடு மற்ற நாட்டின் தடுப்பு முகாமை வைத்துப் பிழைக்கத் தொடங்கியது என்பது அந்த வசனத்தின் மிச்சம். அங்கே அடைபட்டவர்களில் இலங்கையரும் இருந்தார்கள்.

கடைசியாக, எங்களுக்கு மிகக் கிட்டியது. இணையத்தளங்களின் பெயருக்குப் பின்னால் ‘டொட் ஐ.ஓ.’ என்று வருமே, மென்பொருள் நிறுவனங்கள் விரும்பி வாங்குகிற முகவரி. அது ஒரு இடத்தின் குறியீடு, பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம். சாகோஸ் தீவுகள் என்றால் விளங்கும். அதில் பெரிய தீவு டியேகோ கார்சியா, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் தென்மேற்கே. மொரிசியஸுக்குச் சுதந்திரம் கொடுக்க மூன்று வருசத்துக்கு முன், 1965இல், இந்தத் தீவுகளைப் பிரித்தானியா தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டது. பிறகு டியேகோ கார்சியாவை இராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுக்குக் கொடுத்தது. 1968க்கும் 1973க்கும் இடையில் அங்கிருந்த சனம் முழுவதையும் கப்பலேற்றி மொரிசியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட விடாமல் கொன்றார்கள்.

அதற்குச் சொன்ன நியாயத்தைக் கவனியுங்கோ. அங்கே நிரந்தரக் குடிமக்கள் இல்லை, தென்னந்தோட்டத்தில் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் என்றார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களினதும் கூலிகளாக வந்த இந்தியர்களினதும் பிள்ளைகள், தலைமுறை தலைமுறையாகப் பிறந்து செத்த ஊர் அது. தோட்டத்தில் வேலை செய்தால் ஊர்க்காரர் இல்லை என்ற இந்த வாதம் இலங்கையில் எங்களுக்குப் புதிசில்லை. 1948இல் மலையக மக்களின் குடியுரிமை போனதும் இதே வாதத்தின் நிழலில்தான்.

2019இல் சர்வதேச நீதிமன்றம், பிரித்தானியா இந்தத் தீவுகளின் நிர்வாகத்தை விட வேண்டும் என்று ஆலோசனைக் கருத்துச் சொன்னது. 2025 மே மாதம் இறைமையை மொரிசியஸுக்குக் கொடுத்து, டியேகோ கார்சியாத் தளத்தை 99 வருசக் குத்தகையில் வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதற்கிடையில், 2021 ஒக்டோபரில், கனடாவை நோக்கிப் போன ஒரு மீன்பிடிப் படகு பழுதாகி இந்தத் தீவில் ஒதுங்கியது. அதில் இருந்தவர்கள் தமிழர்கள், இலங்கையை விட்டுப் போனவர்கள். வேலி போட்ட கூடாரங்களில் மூன்று வருசத்துக்கும் மேல் அடைபட்டுக் கிடந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். பிரித்தானியா கையெழுத்திட்ட அகதிகள் உடன்படிக்கை இந்தப் பிரதேசத்துக்குச் செல்லுபடியாகாது என்பது பிரித்தானியாவின் நிலைப்பாடாக இருந்தது. சனத்தை வெளியேற்றும்போது அது பிரித்தானிய நிலம், அகதி வந்தால் பிரித்தானியா இல்லை. 2024 டிசம்பரில் அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே அவர்களைச் சட்டவிரோதமாகத் தடுத்து வைத்திருந்ததாகத் தீர்ப்பளித்தது. அந்த மாதமே பெரும்பாலானவர்களைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கும்போது எங்களுக்கு ஒரு விசயம் தெளிவாகுது. உலகத்தின் மிகத் தூரத்து, மிக விசித்திரமான தீவுகளின் பெயரை எங்கட ஊர்களில் மிக நல்லாத் தெரிந்து வைத்திருப்பது புவியியல் ஆசிரியர்கள் இல்லை. படகுக்குக் காசு கட்டியவர்களும், போனவரின் அழைப்புக்காகக் காத்திருக்கிற வீட்டுக்காரரும்தான். அந்தத் தகவலைப் படகுக்காரன் சொல்லும்போது ‘அது பிரான்ஸ், அது பிரித்தானியா, இறங்கினால் சரி’ என்றுதான் சொல்லுவான். அந்த நிலத்துக்கு என்ன சட்டம், ஏன் அது அந்த நாட்டிடம் இருக்குது, இறங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்று சொல்ல மாட்டான். வாழ்க்கையைப் பணயம் வைக்கும் முடிவை ஒருவர் எடுக்கிறபோது, அவர் கையில் பாதித் தகவல் மட்டும் இருக்கக்கூடாது. ஆரையும் போகாதே என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஏன் போகினம் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தின் மிச்சப் பாதியைச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு பள்ளிக்கூடத்துக்கும் எங்களைப்போல எழுதுகிறவைக்கும் இருக்குது என்கிறோம்.

மூன்று கேள்விகள்

பெரிய பாடத்திட்ட மாற்றம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த தரம் இப்படி ஒரு பதிவு வந்தால், அனுப்ப முன்னம் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பம். இது எதிலிருந்து, எதோடு ஒப்பிட்டு அளந்தது? இந்தக் கோட்டை ஆர், எப்ப, ஏன் போட்டது? இப்ப அங்க ஆர் இருக்கினம், அவைக்கு இதால என்ன?

தொடக்கத்தில் சொன்ன கிரிபட்டியிலேயே செய்து பார்க்கலாம். நாலு அரைக்கோளத்திலும் இருக்கிற நாடு. ஏன்? பசிபிக்கில் பல ஆயிரம் கிலோமீற்றருக்குச் சிதறிக் கிடந்த தீவுகளைப் பிரித்தானியா ஒரே குடியேற்றமாகக் கட்டி ஆண்டதுதான் பெரும் காரணம். நிலம் எல்லாம் சேர்த்து 811 சதுர கிலோமீற்றர், அதைச் சுற்றியுள்ள கடலோ முப்பது இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் மேல். இப்ப அங்க ஆர்? ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம், கடலிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் உயரமே உள்ள பவளத் தீவுகளில். கடல் ஏறினால் என்ன செய்வது என்று யோசித்த அந்த நாட்டு அரசு, 2014இல் பீஜி நாட்டில் நிலம் வாங்கியது. ஒரு நாடு இன்னொரு நாட்டில் காணி வாங்கி வைத்திருக்குது, ஒருநாள் தேவைப்படலாம் என்று.

‘நாலு அரைக்கோளம்’ என்ற தகவல் உங்களுக்கு இரண்டு நாளில் மறந்துபோகலாம். இந்தக் காணிக் கதை மறக்காது என்று நினைக்கிறோம். உங்கட ஊர் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஒரு உலகப்படம் இருந்தால், நாலு பேர் சேர்ந்து ஒரு பின்னேரம் அதுக்கு முன்னால் இருந்து பாருங்கோ. ஆளுக்கு ஒரு விசித்திரத்தைப் பிடித்து, இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கோ. உங்கட குடும்பத்தில் வெளியில் போன ஆரும் கடந்த இடம் ஒன்று அந்தப் படத்தில் இருந்தால், அதிலிருந்தே தொடங்கலாம்.